தாயின் மறையும் சேயின் கணக்கும்

தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடென 2019ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. 2015இல் கியூபா முதன்முதல் எய்திய சிறப்பு அது. மகிழ்ச்சிக்குரியதே; எனினும் அச்சான்றின் பின்னே நிற்கும் கணக்கு எத்தகையதென்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

சிகிச்சை இல்லாவிடின் கருப்பையிலோ, பிரசவத்தின்போதோ, தாய்ப்பாலினாலோ கிருமி சேயை அடையும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை. தாயும் சேயும் உரிய மருந்தை உட்கொள்ளின் அஃது 5க்கும் கீழே இறங்கிவிடும். இவ்வளவும் பாடநூலிற் கிடைக்கும். சங்கடம் அதற்குப் பின்னரே தொடங்குகின்றது.

பிறந்த குழவியின் குருதியிற் காணும் பிறபொருளெதிரிகள் அதனுடையன அல்ல, தாய் கொடுத்தவை. அவை முற்றாக மறைய 18 மாதம் வரை செல்லலாம். அதுவரை சாதாரணச் சோதனை சேயைப் பற்றியன்று, தாயைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும். கிருமியையே நேரில் தேடும் நுண்ணிய சோதனையை ஆறாம் வாரமளவிற் செய்யலாம் என்பது உண்மை. ஆயினும் பாலூட்டல் நீடிக்கும்வரை ஆபத்தும் நீடிக்குமாதலின், ஒருமுறை 'இல்லை' என்று வந்த விடை முடிந்த விடையாகாது. ஆகவே அத்தாய் பிள்ளையோடு மீண்டும் மீண்டும் வருதல் வேண்டும்.

வருவாளா? கேள்வி இதுதான்.

பெயரை மறைத்தலே தொற்றைத் தொடர்ந்து கண்காணிப்பதற்கு இடையூறென்று வாதிப்பாருளர். அவர்கள் நமது ஊர்களை அறியார் போலும். மருத்துவமாது பிள்ளை பிறந்த வீடெல்லாம் போகிறவள். அவள் படலையைத் திறந்தால் ஒருவரும் ஐயுறார். முன்பின் அறியாத உத்தியோகத்தர் ஒருவர் ஒரு வீட்டை மட்டும் விசாரித்து வந்தாலோ, பொழுது சாயுமுன் ஊர் முழுதும் கதைக்கும். கர்ப்பிணிகள் யாவர்க்கும் பொதுவாகச் சோதனை செய்யும் முறையின் நுட்பமும் இதுவே: எல்லாரும் கை நீட்டுமிடத்தில் எவளும் தனித்துத் தெரியாள்.

பெயர் வெளிப்பட்டால் நேர்வது யாது? ஆசிரியர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2016இல் வடமேல் மாகாணத்திலே, தொற்றே இல்லாத ஒரு சிறுவனை, வெறும் வதந்தியை நம்பிப் பாடசாலையிற் சேர்க்கவிடாது பெற்றோர்கள் தடுத்தனர். விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. வதந்திக்கே இவ்வளவு என்றால், உண்மைக்கு அஞ்சும் தாய் அடுத்த தவணைக்கு வாராமல் ஊர் மாறிப் போவதில் வியப்பென்ன? அவ்வாறு போனவளின் பிள்ளை எந்தக் கணக்கிலும் அகப்படாது.

பதிவேட்டிற் பெயருக்குப் பதிலாக இலக்கம் நிற்கட்டும். அவள் வேறு மாவட்டத்துக்குப் போனாலும் அவ்விலக்கம் அங்குள்ள வைத்தியரிடம் அவளுக்கு முன்பே போய்ச் சேரட்டும். வாயிலில் நிற்கும் சிற்றூழியர் அவளை உரத்துப் பெயர் சொல்லி அழையாதிருக்கட்டும்.