‘மற்றும் சிலர்’ யார்?

சுடுகாட்டுப் பாதையை முள்வேலி போட்டு அடைத்துவிடுகிறார்கள். சடலத்தை வைத்துக்கொண்டு காலனி மக்கள் சாலையில் உட்காருகிறார்கள். தாசில்தார் வருகிறார், டி.எஸ்.பி. வருகிறார், வேலி பிரிக்கப்படுகிறது, அடக்கம் நடக்கிறது. பிரச்சினை தீர்ந்தது என்று வீட்டுக்குப் போகிறோம். அன்று இரவே காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை ஒன்று பதிவாகியிருக்கும். சட்டவிரோதமாகக் கூடுதல், வழிமறித்தல் என்று பிரிவுகள். எதிரிகள் ஐந்தாறு பேர். அதன் பிறகு ‘மற்றும் சிலர்’.

இந்த ‘மற்றும் சிலர்’தான் நாம் பயப்பட வேண்டிய வார்த்தை. செல்போன் வீடியோவைப் பார்த்து, குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும்போது அதில் யார் பெயரையும் சேர்க்கலாம். ஓரமாக நின்ற கல்லூரி மாணவனுக்கு, காவலர் தேர்வில் ஓடி, கயிறு ஏறி, எல்லாம் தேறிய பிறகு, சரிபார்ப்பு நேரத்தில்தான் தன் மேல் வழக்கு இருப்பதே தெரியும். காவலர் பணி விதிகளோ, சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரையும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதுகின்றன.

“ஊரில் பேசி முடித்துவிட்டோமே” என்பார்கள் பெரியவர்கள். குற்ற வழக்கை நடத்துவது அரசு. மறியல் வழக்கில் புகார்தாரரே பெரும்பாலும் எஸ்.ஐ. அல்லது வி.ஏ.ஓ.தான். பஞ்சாயத்தில் கைகுலுக்கிக்கொண்டால் அது தானாகப் போய்விடாது.

இதைவிட மோசமானது எதிர்வழக்கு. அடி வாங்கியவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுத்தால், அடித்தவரும் அரசு மருத்துவமனையில் படுத்துக்கொண்டு ஒரு புகார் கொடுப்பார். இரண்டையும் பதிவு செய்துவிட்டு, “நீங்களும் வாபஸ் வாங்குங்க, அவங்களும் வாங்கிக்குவாங்க” என்பார்கள். இதற்குப் பெயர் சமாதானம்! தமிழ்நாடு காவல் நிலையாணை 588-ஏ சொல்வது வேறு. புகாரும் எதிர்ப்புகாரும் வந்தால் இரண்டையும் விசாரித்து, முதலில் தாக்கியது யார் என்று கண்டறிந்து அவர்கள் மீதுதான் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். பட்டியல் சாதியினர் மீது பொய்யாகவோ உள்நோக்கத்துடனோ வழக்குத் தொடுப்பதே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(பி) பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. இந்தப் பிரிவைக் குறிப்பிட்டுப் புகார் எழுதுகிறவர்கள் நம்மிலேயே குறைவு.

மாணவர்கள் வேலை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பாலியல் குற்றம் போன்றவை நீங்கலாக, முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பார்த்துக்கொள்ளலாம். பெயர் இருந்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 15100-ல் கூப்பிடவும் செய்யலாம். பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. ஓராண்டுக்கு உட்பட்ட தண்டனைக் குற்றத்துக்கு ஓராண்டும், மூன்றாண்டுக்கு உட்பட்டதற்கு மூன்றாண்டும் சட்டம் விதித்திருக்கும் காலவரம்பு. தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் விலக்கு உண்டு. குற்றப்பத்திரிகையே இல்லாமல் கிடக்கும் பழைய மறியல் வழக்குகளை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றம் போகலாம்.

விண்ணப்பத்தில் வழக்கு விவரம் கேட்டால் மட்டும் மறைக்காதீர்கள். சின்ன வழக்கைச் சொன்னவருக்கு வேலை கிடைக்க வழி இருக்கிறது; மறைத்ததற்காகவே வேலை இழந்தவர்கள் பலர்.

அடுத்த முறை தாசில்தார் முன்னிலையில் பேச்சுவார்த்தை நடக்கும்போது, பாதையைப் பற்றிப் பேசி முடித்ததும் எழுந்துவிடாமல், “எங்கள் மேல் வழக்கு உண்டா, உண்டென்றால் யார் யார் மேல்?” என்று கேட்போம். வரும் பதிலை அங்கேயே பேச்சுவார்த்தைக் குறிப்பில் எழுதச் சொல்லி, நகல் வாங்கிக்கொண்டு வருவோம்.