பதினைந்து படியும் ஒரே உயரம்

மச்சு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு மரப்படியின் அழகும் தெரியும், ஆபத்தும் தெரியும். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், அம்பாசமுத்திரம் பக்கத்துப் பழைய வீடுகளில் ஏணியைச் சாய்த்து வைத்த மாதிரி செங்குத்தான படிகள் இருக்கும். பிடித்து ஏற மேலேயிருந்து ஒரு கயிறு தொங்கும். அறுபதைத் தாண்டியவர்கள் மச்சுக்குப் போவதையே விட்டுவிடுவார்கள்.

இப்போது பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் மறுபடியும் மரப்படி கேட்கிறார்கள். வேலைக்கு வரும் தம்பிகள் கைபேசியில் உயரத்தைத் தட்டுகிறார்கள். எத்தனை படி, ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம் என்று நொடியில் விடை வருகிறது. "கோல் போச்சு, தொழிலும் போச்சு" என்று என் வயதுக்காரர்கள் புலம்புகிறார்கள். அதில் எனக்குப் பாதிதான் சம்மதம்.

படி எவ்வளவு உயரம் இருக்கலாம் என்பதில் கைபேசி சொல்வது நல்ல கணக்கு. இரண்டு படி உயரமும் ஒரு மிதியின் அகலமும் சேர்ந்தால் ஓர் எட்டு வைக்கும் தூரம், ஏறக்குறைய 65 செ.மீ. வர வேண்டும் என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்ஸில் பிளோந்தெல் என்பவர் எழுதி வைத்தார். பெரும்பாலும் அந்தக் கணக்குதான் கைபேசிக்குள்ளும் இருக்கிறது. நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் வீட்டுப் படியின் உயரம் 190 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, மிதி 250 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்கிறது. நம் பழைய மச்சுப்படிகள் பலவும் இதில் தேறாது. அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

சங்கடம் கணக்கில் இல்லை, அதை மரத்தில் குறிப்பதில் இருக்கிறது. தரையிலிருந்து மச்சுத் தளம் 9 அடி 2 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 110 அங்குலம். 15 படி என்றால், "லாபம், நஷ்டம்" என்று எண்ணிக்கொண்டு போனாலும் லாபத்தில்தான் முடியும். கைபேசி ஒரு படிக்கு 7.333 என்று காட்டும். டேப்பில் அப்படி ஒரு கோடு கிடையாது. பக்கத்தில் இருப்பது 7 அங்குலம் 3 நூல். அதையே ஒவ்வொரு படிக்கும் வைத்துக்கொண்டு போனால், கடைசிப் படி 6 அங்குலம் 6 நூலில் வந்து நிற்கும். மற்ற படிகளைவிட 5 நூல் குறைவு. லாபத்தில் முடிந்த படியில் 5 நூல் நஷ்டம்! மில்லிமீட்டரில் போட்டால் பிசகு குறையும். ஆனால் நம் பக்கத்துப் பட்டறைகளில் இன்னும் அங்குலமும் நூலும்தானே புழங்குகிறது.

பழைய ஆசாரிமார் நேரான ஒரு குச்சியைத் தரையில் நிறுத்தி, மச்சுத் தளம் வரும் இடத்தில் கோடு கிழிப்பார்கள். கவராயத்தை உத்தேசமாக விரித்து, கீழிருந்து பதினைந்து தடவை நகர்த்துவார்கள். மிச்சம் விழுந்தால் கவராயத்தை மயிரிழை விரிப்பார்கள். கோட்டைத் தாண்டினால் ஒடுக்குவார்கள். இரண்டு மூன்று முறையில் சரியாகக் கோட்டில் வந்து உட்காரும். எண்ணே வேண்டாம், மிச்சமும் கிடையாது.

இன்னொன்று, மிதிப்பலகையின் கனம். படி தாங்கும் பக்கப் பலகையின் அடியில் அந்தக் கனத்தைக் கழித்து அறுக்காவிட்டால், முதல் படி அவ்வளவு உயர்ந்தும் கடைசிப் படி அவ்வளவு தாழ்ந்தும் போகும். பின்னால் தரையில் டைல்ஸ் ஒட்டினால் முதல் படி மறுபடி மாறும். தரை முடிந்தால் எவ்வளவு உயரும் என்று நாம் சொல்லாமல் கைபேசிக்குத் தெரியாது.

5 நூலுக்கு இவ்வளவு பேச்சா என்று இளையவர்கள் கேட்கலாம். முதல் இரண்டு மூன்று படிகளிலேயே கால் உயரத்தைப் பழகிக்கொள்கிறது. அதன் பிறகு நாம் படியைப் பார்ப்பதில்லை. ஒரு படி மாறினால் கால் ஏமாறும். முப்பது வயதில் அது தடுக்கல், எழுபது வயதில் இடுப்பெலும்பு.

ஆகவே கணக்கைக் கைபேசியில் போடட்டும், அளவைக் கோலில் எடுக்கட்டும். வீட்டில் படி வைக்கிறவர்கள் கூலியை எண்ணிக் கொடுக்கும் முன் ஒரு குச்சியில் முதல் படியின் உயரத்தைக் குறித்து, அதையே மேல் படி வரை வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலைதான்.