அம்மா வீட்டு அடுப்பை யார் நிறுத்துவது?

ஜப்பானில் வீட்டு கேஸ் மீட்டருக்குள்ளேயே நிலநடுக்கத்தைக் கண்டுபிடிக்கிற கருவி இருக்கு. பூமி பலமா ஆடினா மீட்டர் தானாகவே கேஸை நிறுத்திடும். ஆட்டம் அடங்கின பிறகு, அடுப்பு மூடியிருக்கா, எங்கயாவது கசியுதான்னு பார்த்துட்டு, ஒரு பட்டனை அழுத்தினாத்தான் திரும்ப கேஸ் வரும். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்திலும் 1994 நிலநடுக்கத்துக்குப் பிறகு புதுக் கட்டிடங்களுக்குத் தானாக மூடும் வால்வைக் கட்டாயமாக்கினாங்க. அதில் ஒரு வகை ரொம்ப எளிமையானது. குழாய்க்குள்ளே ஒரு இரும்புக் குண்டு சின்னத் திண்டு மேல உட்கார்ந்திருக்கும். வீடு குலுங்கினா குண்டு உருண்டு விழுந்து வழியை அடைச்சுக்கும். கரண்டும் வேண்டாம், ஆளும் வேண்டாம்.

பட்ட பிறகுதான் இதெல்லாம் வந்தது. 1923 செப்டம்பர் 1ஆம் தேதி டோக்கியோ பக்கம் பூமி ஆடினப்போ மணி பகல் 11.58. வீட்டுக்கு வீடு மதியச் சமையல், அடுப்பெல்லாம் எரிஞ்சுகிட்டு இருந்த நேரம். செத்தவங்க ஒரு லட்சத்துக்கு மேல. இடிபாட்டில் போனவங்களைவிடத் தீயில் போனவங்கதான் அதிகம். 1906இல் சான் பிரான்சிஸ்கோ நகரம் எரிஞ்சதும் இப்படித்தான், நிலநடுக்கத்துக்குப் பின்னால வந்த தீயில். (நம்ம நாட்டில் கேஸ் கசிஞ்சா கூப்பிட வேண்டிய அவசர எண்ணும் 1906. தற்செயல்தான், ஆனா ஞாபகம் வெச்சுக்க வசதி.)

நம்ம பக்கம் பூமி ஆடாதான்னு கேட்டா, ஆடியிருக்கு. 2001 செப்டம்பர் 25 ராத்திரி பாண்டிச்சேரிக்குக் கிழக்கே கடலுக்குள்ள 5.5 அளவில் வந்தது, சென்னை வரைக்கும் உணர்ந்தாங்க. சென்னையே மூணாவது நிலநடுக்க மண்டலத்தில்தான் இருக்கு. இப்ப பல ஊரில் பைப் கேஸுக்குக் குழாய் பதிக்கிறாங்க. உங்க அபார்ட்மெண்டுக்கும் வந்தா, தானா மூடுகிற வால்வு உண்டான்னு இப்பவே கேளுங்க. குழாய் போடும்போதே வைக்கிறது சுலபம்.

ஆனா நான் எழுத உட்கார்ந்தது அதுக்காக இல்லை. கிராமத்தில் விட்டுட்டுப் போன உங்க அப்பா அம்மா வீட்டுக்கு நிலநடுக்கம் வரவேண்டியதில்லை. பால் பொங்கினாலே போதும்.

பக்கத்துத் தெருப் பெரியம்மாவுக்கு வயசு எண்பதை ஒட்டி இருக்கும். பிள்ளைகள் எல்லாம் வெளியூர். ஒரு நாள் காலையில் வயலுக்குப் போற வழியில் அவங்க வாசலைத் தாண்டும்போதே கேஸ் நாத்தம் குப்புன்னு அடிச்சது. பால் பொங்கி அடுப்பு அணைஞ்சிருக்கு, திருகு திறந்தபடி. அவங்க அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்து கீரை ஆஞ்சுகிட்டு இருக்காங்க. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, லைட் சுவிட்சு பக்கமே போகாம அவங்களைத் திண்ணைக்குக் கூட்டிவந்தேன். "எனக்கு ஒண்ணும் வாடை தெரியலையே தம்பி"ன்னாங்க.

அவங்க பொய் சொல்லலை. சமையல் கேஸுக்குச் சொந்தமா வாசனை கிடையாது. கசிஞ்சா தெரியணும்னுதான் நாத்தமடிக்கிற மருந்தை அதில் கலக்குறாங்க. ஆக, நம்ம வீட்டுப் பாதுகாப்பு மொத்தமும் மூக்கை நம்பி இருக்கு. வயசாக ஆகப் பல பேருக்கு அந்த மூக்குதான் மங்கிப்போகுது. சிலிண்டர் கேஸ் காத்தைவிடக் கனம், மேலே போகாம தரையோடு படுத்துக்கும். கிராமத்துக் கிழவிகளோ இன்னமும் அடுப்பைத் தரையில் வெச்சு, பலகை போட்டு உட்கார்ந்து சமைக்கிறவங்க. சிலிண்டரைவிட அடுப்பு உயரத்தில் இருக்கணும்கிற விதி அந்த வீட்டில் எங்கே நடக்கும்? நெல்மூட்டை இருக்கிற வீட்டில் எலிக்கும் பஞ்சமில்லை, ரப்பர் டியூபை அது விட்டுவைக்காது.

"பெரியவங்க கவனமா இருக்கணும்"னு சொல்றவங்களோட எனக்கு ஒத்துப்போகலை. எண்பது வயசில் கவனத்தை எங்கே போய் வாங்குறது? விரல் மூட்டு வீங்கினவங்க ராத்திரிக்கு ராத்திரி ரெகுலேட்டரைத் திருகுவாங்கன்னு எதிர்பார்க்கிறதும் நடக்காத காரியம். ஆள் மறந்தாலும் பொருள் நிறுத்தணும். ஜப்பான்காரன் மீட்டரில் மட்டும் அதைச் செய்யலை. 2008இலிருந்து அங்கே புதுசா விக்கிற வீட்டு கேஸ் அடுப்பில் எல்லாப் பர்னரிலும் தீ அணைஞ்சா கேஸ் தானா நிற்கணும்னு சட்டம். பர்னர் ஓரமா ஒரு சின்னக் கம்பி இருக்கும். அது சூடா இருக்கிற வரைக்கும் வால்வு திறந்திருக்கும், ஆறினா ஸ்பிரிங் மூடிடும். இந்த மாதிரி அடுப்பு நம்ம கடைகளிலும் கிடைக்குது. கேட்டு வாங்குறவங்க குறைவு.

ஊருக்கு வரும்போது பெரிய டிவி வாங்கிட்டு வர்றீங்க, சந்தோஷம். அதுக்கு முன்னாடி அடுப்படிக்குள்ள குனிஞ்சு டியூபைப் பாருங்க. ஐஎஸ்ஐ முத்திரை போட்ட, உள்ளே கம்பி வெச்ச ஆரஞ்சு டியூபா, எந்த வருஷம் மாட்டினது? அஞ்சு வருஷம் ஆயிருந்தா மாத்திடுங்க. சிலிண்டர் வீட்டில் கசிவு அலாரம் வெச்சா தரையை ஒட்டி வைக்கணும். பைப் கேஸ் காத்தைவிட லேசு, அந்த வீட்டில் கூரையை ஒட்டி.

பெரியம்மா மகன் போன பொங்கலுக்கு அந்த மாதிரி அடுப்பு வாங்கிட்டு வந்து மேடையில் வெச்சுக் கொடுத்தான். பத்த வெச்ச பிறகு கொஞ்ச நேரம் திருகை அமுக்கிப் பிடிச்சிருக்கணும், கம்பி சூடேறணும்ல. அதைச் சொல்லாமலே கிளம்பிப் போயிட்டான். "என்னடா இது, கையை எடுத்தா அணையுது"ன்னு ஒரு வாரம் விறகடுப்பிலதான் சமையல். அப்புறம் என் வீட்டுக்காரி ரெண்டு நாள் கூட நின்னு பழக்கிவிட்டா. நீங்க வாங்கிக் கொடுக்கிறதா இருந்தா, அந்த ரெண்டு நாள் லீவையும் சேர்த்துப் போட்டுட்டு வாங்க.