அளவைக் காட்டு!

குப்பைமேட்டை மூடியாச்சு என்பார்கள். மேலே மண்ணைக் கொட்டி, புல்லை நட்டு, வேலி போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்ததாம். நான் பேங்கில் கணக்கெழுதுகிறவன். அங்கே ஒரு கணக்கை மூடினாலும் பேரேட்டை வருசக்கணக்கில் பாதுகாக்கணும். லட்சக்கணக்கான டன் அழுகலைப் புதைத்துவிட்டு மறுநாளே மறந்துபோவது எந்த ஊர் நியாயம்?

காற்றுப் படாமல் புதைந்த சோறும் இலையும் காகிதமும் உள்ளே அழுகிக்கொண்டேதான் இருக்கும். அதில் கிளம்புகிற வாயுவில் ஏறக்குறையப் பாதி மீத்தேன். மூடின பிறகும் பல பத்தாண்டுகள் அது ஊறும். மேலே இறுக மூடினால் பக்கவாட்டில் மண் வழியே நகர்ந்து சாக்கடையிலும் வீட்டுக்குள்ளும் சேரும். காற்றில் 5 முதல் 15 சதம் மீத்தேன் கலந்திருந்தால் ஒரு தீக்குச்சி போதும். நாறுவது வேறு வாயு. மீத்தேனுக்கு நாற்றமே கிடையாது. மூக்கை நம்பிப் பிரயோசனமில்லை, கருவி வேணும்.

இங்கிலாந்தில் லாஸ்கோ என்ற ஊரில் 1982-இல் குப்பைக்குழியை மூடினார்கள். 1986 மார்ச் 24 காலையில் பக்கத்து வீடு ஒன்று வெடித்துச் சிதறியது. உள்ளே இருந்த மூவருக்கும் படுகாயம். காற்றழுத்தம் சட்டென்று இறங்கியதில் மண்ணுக்குள் இருந்த வாயு வெளியே வந்துவிட்டது. ஆகவே, தோதான நாளாகப் பார்த்து ஒருமுறை அளந்து நோட்டில் எழுதிவைப்பது கண்காணிப்பு ஆகாது. அழுத்தம் இறங்கும் நாளில், மழை ஊறி மண் அடைத்த நாளில் அளக்கணும்.

இங்கே யாருக்காக அளக்கிறார்கள்? மும்பை மாலாடில் மூடிய குப்பைமேட்டின்மேல் கம்பெனிக் கட்டடங்கள் எழும்பின. வாயு அரித்துக் கம்ப்யூட்டர்கள் பழுதானதும் வல்லுநர்கள் ஓடிவந்து சோதித்தார்கள். மிஷினுக்குச் சீக்கு வந்தால் ஆள் வருகிறது. கொடுங்கையூர் மேட்டோரம் நம்ம பிள்ளைங்க இருமினால் யார் வருகிறார்கள்?

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மூடிய கிடங்கைக் குறைந்தது 15 ஆண்டு பராமரிக்கச் சொல்லின. வாயுவைச் சேகரிக்கும் அமைப்பு ஓடணும்; மீத்தேன், வெடிக்கும் அளவின் கீழ்வரம்பில் நாலில் ஒரு பங்கை, அதாவது காற்றில் 1.25 சதத்தைத் தாண்டக்கூடாது. 15 ஆண்டு கழித்தும், வாயுவும் கசிவுநீரும் நிலத்தின் உறுதியும் சரிதானென்று தெரிந்த பிறகே அங்கே குடியிருப்பைப் பற்றி யோசிக்கலாம். எழுத்தில் எல்லாம் சுத்தம்.

நடப்பிலோ, 2022 ஏப்ரலில் பெருங்குடி மேடு பற்றி நாள்கணக்கில் புகைந்தது. பயோமைனிங் என்று பழைய குப்பையைக் கிளறும்போதும் அடைபட்ட வாயு வெளியேறும். அந்த மேட்டில் நிற்பது யாருடைய சனம் என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை. மலக்குழிக்குள் வாயுவை அளக்காமல் ஆளை இறக்கிச் சாகடிக்கிற அதே சாதிப்புத்திதான் இங்கேயும் வேலை செய்கிறது. ஊருக்குக் கழிவு போனால் சரி. அது சேருகிற இடத்தில் யார் மூச்சுவிட்டால் என்ன!

எனவே தோழர்களே, 'மேட்டை அகற்று' என்ற முழக்கத்தோடு 'அளவைக் காட்டு' என்பதையும் சேர்ப்போம். மேட்டுக்கும் வீடுகளுக்கும் நடுவில் கண்காணிப்புக் குழாய்கள் இறக்கணும். மேட்டில் வேலை செய்கிறவர் கையில் வாயுமானி இருக்கணும். அளந்த எண்ணைத் தெருமுனைப் பலகையில் தமிழில் எழுதணும். வேதியியல் படிக்கும் மாணவர்கள் அந்த எண்ணின் அர்த்தத்தைச் சேரியில் உட்கார்ந்து விளக்குங்கள். சட்டம் படிப்பவர்கள் 2005-இன் தகவல் உரிமைச் சட்டப்படி, எந்தத் தேதியில், எந்த இடத்தில், எவ்வளவு என்று கேட்டு மனு எழுதுங்கள். பதில் வந்தால் தெருவில் ஒட்டுவோம். 'அளக்கவில்லை' என்று வந்தால் அதையும் ஒட்டுவோம்.