குழந்தை வரும் அறைக்கு மஞ்சளா, பீச்சா?

வளைகாப்பு முடிந்து மகள் தாய்வீட்டுக்கு வந்ததும், அவளும் குழந்தையும் தங்கப்போகும் அறைக்கு வண்ணம் பூசுவது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அண்மையில் அவ்வாறு ஓர் அம்மையார், பெயிண்ட் கடையின் ஷேட் கார்டை என் மேசையில் விரித்து, "இளமஞ்சளா, பீச் நிறமா? மஞ்சள்தானே டாக்டர் மங்கலம்?" என்று கேட்டார்.

மங்கலந்தான். ஆயினும் அந்த அறைக்கு மஞ்சள் வேண்டாம் என்றேன்.

நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்கும், குறைமாதக் குழந்தைகளில் 80 விழுக்காட்டினருக்கும் முதல் வாரத்தில் மஞ்சள் காமாலை தென்படுகிறது. பெரும்பாலும் அது தானே தணிந்துவிடும். சிலருக்கு மட்டும் இரத்தத்தில் பிலிருபின் அளவு மிகுந்து, கவனிக்காமல் விட்டால் மூளையையும் செவித்திறனையும் நிரந்தரமாகப் பாதிக்கும். நிறைமாதக் குழந்தைக்கு அது உச்சத்தை எட்டுவது பெரும்பாலும் 3 முதல் 5 நாட்களுக்குள். சுகப்பிரசவமானால், குழந்தை அதற்குள் வீடு திரும்பியிருக்கும். பார்க்க வேண்டிய கண்கள் உங்களுடையவை.

மஞ்சள் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி குழந்தையின் தோலிலும் மஞ்சளைப் படரவிடும். அதைக் கண்டு வீணாக அஞ்சி ஓடிவருவோரால் இழப்பொன்றுமில்லை. "சுவரின் சாயல்தான்" என்று தேற்றிக்கொண்டு இரண்டு நாள் தாமதிப்போரை எண்ணியே எனக்குக் கவலை. மேலும், நாள் முழுதும் அவ்வறையிலேயே இருப்பவரின் கண் அந்த நிறத்துக்குப் பழகிவிடுகிறது. மஞ்சள் ஒளி தரும் விளக்கும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

பீச் குறையற்றதன்று. செம்மை கலந்த அந்நிறம் வெளிறிய குழந்தையையும் செழிப்பாகக் காட்டிவிடும். எனினும் இரண்டில் ஒன்றுதான் என்றால், மிக மெல்லிய பீச்சையே சொல்வேன்; அதுவும் கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்கு மட்டும். சன்னல் பக்கச் சுவரும் கூரையும் வெள்ளையாகவே இருக்கட்டும். பூச்சு வேலை பிரசவத்துக்குச் சில வாரங்கள் முன்பே முடிந்து, அறையில் நன்கு காற்றோட வேண்டும். பழைய பெயிண்டைச் சுரண்டும்போது கர்ப்பிணி அவ்வீட்டில் இருக்கலாகாது; வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் என்னும் வரம்பு நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான்.

குழந்தை வந்தபின், நாள்தோறும் சன்னலருகே பகல் வெளிச்சத்தில் அதன் நெற்றியையும் மார்பையும் விரலால் மெல்ல அழுத்தி எடுத்துப் பாருங்கள். மாநிறக் குழந்தையானால் கண்ணின் வெண்மையையும் ஈறையும் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் அன்றே அழைத்து வாருங்கள். அது கால்வரை இறங்கியிருந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கினாலோ, இரவு எந்நேரமானாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.