பட்டியும் படலும்

அர்ஜென்டினாவின் பாங்குகள் முறிந்த கதை பேச்சில் வரும்போதெல்லாம் என் நண்பர் ஒருவர், "ஜனங்கள் பீதியடைந்து ஓடினார்கள், பாங்கு என்ன செய்யும்?" என்று முடித்துவிடுவார். அவர் பொருளாதாரம் படித்தவர். நான் கதை எழுதுகிறவன். ஆனாலும் இந்தத் தீர்ப்பை நான் ஒப்புக்கொள்வதாக இல்லை.

1991-ல் ஒரு பெஸோவுக்கு ஒரு டாலர் என்று அந்த நாட்டுச் சர்க்கார் சட்டமே செய்தது. அதை நம்பி ஜனங்கள் மிச்சம் பிடித்ததை டாலர் கணக்கில் போட்டார்கள். 2001-ல் டெபாசிட்டுகளைத் தொடமாட்டோம் என்று இன்னொரு சட்டம். அதன் மை உலர்வதற்குள், டிசம்பர் முதல் தேதி, வாரத்துக்கு 250 பெஸோவுக்கு மேல் ரொக்கம் எடுக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். அதற்கு 'கொர்ராலிட்டோ' என்று பேர் வந்தது. சிறு பட்டி என்று அர்த்தம். தவழும் குழந்தையை நிறுத்தி வைக்கும் அடைப்புக்கும் அங்கே அதே பேர்தான்.

பட்டிக்குப் படல் ஒன்று உண்டல்லவா? அது புவெனஸ் அயர்ஸ் பங்கு மார்க்கெட்டில் இருந்தது. ரொக்கத்துக்குத்தான் தடை, முடங்கிய கணக்கிலிருந்து பங்கு வாங்கத் தடையில்லை. நியூயார்க்கிலும் விலைபோகும் கம்பெனிகளின் பங்கை இங்கே வாங்கி, அங்கே செல்லும் பத்திரமாக மாற்றி விற்றால், டாலர் வெளிநாட்டில் கைக்கு வந்துவிடும். கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்த அந்த மாதத்திலேதான் பங்கு விலைகள் ஏறின! சந்தையின் நம்பிக்கை என்பாரோ என் நண்பர்? தீப்பிடித்த வீட்டில் ஏணிக்கு விலை ஏறினால் அதற்குப் பேர் நம்பிக்கையா?

ஏணியில் ஏறினவர்கள் தரகரை வைத்திருந்தவர்கள். பென்ஷன் வாங்கும் கிழவிக்குத் தரகர் ஏது? அவள் சமையலறைப் பாத்திரத்தையும் கரண்டியையும் எடுத்து வந்து தெருவில் நின்று தட்டினாள். டிசம்பர் 19, 20 தேதிகளின் கலவரத்தில் முப்பது பேருக்கு மேல் மாண்டார்கள். ஜனாதிபதி டி லா ரூவா ராஜிநாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஹெலிகாப்டரில் போனார்.

பின்னால் வந்த டுஹால்டே, டாலர் போட்டவருக்கு டாலரே கிடைக்கும் என்றார். 2002 பிப்ரவரியில் கிடைத்ததோ டாலருக்கு 1.40 பெஸோ. பாங்கில் டாலராகக் கடன் வாங்கியவர்கள் மட்டும் ஒன்றுக்கு ஒன்றாகப் பெஸோவில் அடைத்தால் போதும். பெரிய கம்பெனிகளுக்கும் அதே சலுகை. அந்த வருஷம் மத்தியில் கடைத்தெருவில் ஒரு டாலருக்கு மூன்றரைப் பெஸோவுக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது.

கோர்ட்டுக்குப் போன டெபாசிட்தாரர்களுக்கு சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பு 2006 டிசம்பரில்தான் வந்தது. இதில் ஓடியவர் யார், நின்றவர் யார் என்று என் நண்பர் சொல்லட்டும்.