ஆடும் உடல், ஆறும் உள்ளம்

சிலப்பதிகாரத்தில் ஒரு காட்சி. மதுரையில் மாதரி என்னும் ஆயர் முதுமகளின் அடைக்கலத்தில் கண்ணகி தங்கியிருக்கிறாள். சிலம்பு விற்கச் சென்ற கோவலன் இன்னும் திரும்பவில்லை. அந்நேரத்தில் ஆயர்பாடியில் குடத்துப் பால் உறையவில்லை. உறியிலிருந்த வெண்ணெய் உருகவில்லை. காளையின் கண்களில் நீர் வழிகிறது. ஏதோ தீங்கு நேரப்போகிறது என்று ஆய்ச்சியர் அஞ்சுகின்றனர். அஞ்சியவர்கள் மூலையில் ஒடுங்கிவிடவில்லை. எழுவர் கைகோத்து வட்டமாக நின்று குரவை ஆடினர்.

வரவிருந்த துன்பத்தை அந்தக் குரவை தடுக்கவில்லை. ஆனால், அச்சத்தைத் தனியே சுமக்காமல் பகிர்ந்துகொள்ள அது வழிசெய்தது. ஆடல் என்பது மேடைக்கும் பரிசுக்கும் மட்டும் உரியதன்று, கலங்கிய மனத்திற்கும் உரியது என்னும் என் கருத்துக்கு இக்காட்சி நல்ல சான்று.

உள்ளத்திற்கும் உடலுக்கும் உள்ள உறவை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்றோர் இயல் உண்டு. உள்ளத்து உணர்வு மெய்யில், அதாவது உடலில், வெளிப்படுவதே மெய்ப்பாடு. நகை, அழுகை, அச்சம், வெகுளி முதலாக அத்தகையவை எட்டு என்கிறது அந்நூல். அச்சத்தில் தோள்கள் இறுகுகின்றன. துயரத்தில் தலை தாழ்கிறது. மகிழ்ச்சியில் கால்கள் துள்ளுகின்றன. உணர்வு உடலில் வெளிப்படுமானால், உடலை அசைப்பதன் வாயிலாக உணர்வைத் தளர்த்தவும் இயலும் அல்லவா?

இந்த உண்மையை இக்கால மருத்துவமும் ஏற்றுக்கொண்டுள்ளது. அமெரிக்க நடனக் கலைஞரான மரியன் சேஸ் அம்மையார், 1942ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரின் மனநல மருத்துவமனை ஒன்றில் பணியாற்றத் தொடங்கினார். பேச்சற்று முடங்கியிருந்த நோயாளிகளை அவர் வட்டமாக நிறுத்தினார். ஒருவர் விரலை மட்டும் அசைத்தால், தாமும் அவ்வாறே விரலை அசைப்பார். 'உன்னை நான் கவனிக்கிறேன்' என்னும் செய்தி சொல்லின்றியே அந்த நோயாளியைச் சென்றடையும். நடனவழிச் சிகிச்சை ஒரு தனித்துறையாக வளர்ந்ததில் அவர் பணிக்குப் பெரும்பங்கு உண்டு.

நம் நாட்டிலும் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. சோகினி சக்கரவர்த்தி 2004ஆம் ஆண்டில் நிறுவிய 'கொல்கத்தா சன்வேத்' என்னும் அமைப்பு, ஆள்கடத்தலிலிருந்து மீட்கப்பட்ட பெண்களுக்கு நடனத்தின் வழியே மனநலம் பேணும் பணியைச் செய்து வருகிறது. தமக்கு நேர்ந்த கொடுமையை வாய்விட்டுச் சொல்ல இயலாதவர்கள், அசைவின் வழியே தம் உடல் தமக்கே உரியது என்பதை மீண்டும் உணர்கிறார்கள். அவ்வாறு தேறியவர்களுள் சிலர், இன்று பிறருக்குப் பயிற்சியளிக்கும் நிலைக்கு உயர்ந்துள்ளனர்.

இனி, நம் பள்ளியைப் பார்ப்போம். பெற்றோரின் பணிமாற்றத்தால் ஊர்விட்டு ஊர் வரும் மாணவர்கள் இங்குப் பலர். பழைய நண்பர்கள் தொலைவில் இருக்கிறார்கள். புதிய ஊரின் மொழியோ இன்னும் வசப்படவில்லை. மனத்தில் உள்ளதை எம்மொழியில், யாரிடம் சொல்வது? ஆடலுக்கு அந்த இடர்ப்பாடு இல்லை. குஜராத்தின் கர்பாவும் நம் கும்மியும் வட்டமாக நின்று கைதட்டி ஆடுபவையே. தாண்டியாவின் கோல்களைக் கையில் எடுக்கும் தமிழ்ச் சிறுமிக்குக் கோலாட்டம் நினைவுக்கு வரும். தாளம் தெரிந்தால் போதும், அந்த வட்டத்தில் அவளுக்கும் ஓர் இடம் கிடைக்கும்.

ஆயினும், பள்ளிகளில் நடனம் ஆண்டு விழாவோடு நின்றுவிடுகிறது. நன்றாக ஆடுவோர் பத்துப் பேர் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர், ஏனையோர் கைதட்டுகின்றனர். அக்கூட்டத்தில்தான் ஆடல் மிகுதியும் தேவைப்படும் மாணவர் அமர்ந்திருக்கக்கூடும். எனவே, வாரத்தில் ஒரு பாடவேளையேனும் மதிப்பெண்ணும் போட்டியும் பார்வையாளரும் இல்லாத ஆடலுக்கு ஒதுக்கப்பட வேண்டும்.

'தேர்வுக்குரிய நேரம் வீணாகுமே' என்று சிலர் கூறுவர். கலங்கிய மனத்தோடு புத்தகத்தின் முன் கழியும் நேரமும் பயனற்றதே. 'ஆண் பிள்ளைகளுக்கு ஆடல் எதற்கு?' என்பர் வேறு சிலர். ஒயிலாட்டமும் தேவராட்டமும் ஆடவர் ஆடி வளர்த்த கலைகள் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். கூச்சம் உள்ளோரை வற்புறுத்தலாமா என்று கேட்பது மட்டும் நியாயமான வினா. வற்புறுத்தக் கூடாது. அமர்ந்தபடியே தாளமிடுவதும் பங்கேற்பே.

ஒன்றை மறத்தலாகாது. ஆடல் எல்லா நோய்க்கும் மருந்தாகாது. துயரம் நாள்கணக்கில் நீடித்தால் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்ல வேண்டும். மனநல மருத்துவரை நாடவும் தயங்கக் கூடாது. ஆனால், வாய் திறந்து பேசும் துணிவு வருவதற்கு முன், உடல் ஓர் அடி எடுத்து வைக்கலாம். அதற்கான இடத்தையும் நேரத்தையும் பள்ளி தருதல் வேண்டும்.